முக்கல் மேட்டில் பதினெட்டு டப்பா

செப்டம்பர் 15, ஞாயிறு

சுண்டெலி,

மதியம் ஒரு மணி ஆனால் கை தானாகப் போனை எடுத்துவிடுகிறது. சாப்பிட்டாயா என்று கேட்கிற நேரம். உன் நம்பரைப் போட்டால் யாரோ ஒரு பொம்பளை வந்து தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறாள். அவளிடம் சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது? அதனால் இனி அந்த நேரத்துக்கு எழுதலாம் என்று இருக்கிறேன். அஞ்சாவது படித்தவள் எழுத்து இப்படித்தான் இருக்கும். நீ பக்கத்தில் இருந்தால் வரிக்கு வரி திருத்துவாய்.

இன்று முப்பதாம் நாள் கும்பிட்டு முடித்தோம். வந்தவர்கள் எல்லாரும், மூன்று நாள் காய்ச்சலுக்கு ஒரு பிள்ளை போகுமா என்று என்னிடமே கேட்டார்கள். டீ கொடுத்து அனுப்பினேன். இலை வண்டியில் என்னோடு மூட்டை தூக்கும் செவனம்மா மட்டும் பாத்திரம் கழுவிவிட்டுப் போனாள். அப்பா படத்துக்குப் பக்கத்தில் உன் படத்தை ஏன் மாட்டவில்லை என்று கேட்டாள். ஆணி இல்லை என்றேன்.

ஆணி இருக்கிறது.

செப்டம்பர் 17

வேலைக்குப் போய்விட்டேன். வீட்டில் உட்கார்ந்தால் சுவரில் ஈரம் எங்கெங்கே பரவுகிறது என்று பார்த்துக்கொண்டே பொழுது போகிறது.

நம் இலை வண்டி ஓடவில்லை. கோத்தகிரியில் டேனியல் அண்ணன் பட்டறையில், நீ கழற்றிப் போட்டது போட்டபடி நிற்கிறதாம். மொதலாளி போஜராஜ் வாடகைக்கு ஒரு ஜீப் பிடித்திருக்கிறார். ரோட்டோரத்து இலைக் கொட்டகைகளில், ஒவ்வொரு செட்டாக நிறுத்தி, சின்னத் தோட்டக்காரர்கள் கொண்டுவந்து வைத்த பச்சை இலையை எடை போட்டு ஏற்றி, பாக்டரியில் சேர்க்க வேண்டும். ஜீப்பில் பாதி மூட்டைதான் கொள்ளும், அதனால் ரெண்டு நடை. முக்கல் மேட்டில் எல்லா வண்டியும் முக்கும், இது கொஞ்சம் கூடவே முக்கியது.

செவனம்மா ஜீப் டிரைவரிடம், "ஏம்ப்பா, இது வண்டியா பிரசவ வார்டா? வலி வந்தா சொல்லு, சுடுதண்ணி வெக்கிறோம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அப்புறம் பாக்டரி வருகிற வரைக்கும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

செப்டம்பர் 20

உன் சாப்பாட்டு கேரியர் பட்டறையில் இருக்கிறது. அதை வாங்கத்தான் போனேன்.

டேனியல் அண்ணன் தாடி வளர்த்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். வண்டி பின்பக்கம் திறந்து கிடந்தது. முன்னால் டீசல் எஞ்சின் அப்படியே இருக்கிறது. பின் சக்கரத்துக்கு ஒரு மோட்டார், சீட்டுக்கு அடியில் பேட்டரி, அதை ஒட்டி ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் டின்பால் டப்பா உயரத்தில் பதினெட்டு கெப்பாசிட்டர், வரிசை குலையாமல் நிற்கின்றன. பாதிக்குத்தான் ஒயர் போயிருக்கிறது.

"பேட்டரிய மட்டும் வெச்சு ஆடி மாசம் ஓட்டிப் பாத்தோமே, ஞாபகம் இருக்கா தங்கச்சி? முக்கல் மேட்டுல நடு செட்டுல நிறுத்தி எடுத்தா, அடுப்பு மாதிரி கொதிச்சுது. இப்படியே ஓட்டுனா ஒரு வருசத்துல பேட்டரி செத்துரும் மாமான்னா உன் மக நிரோ. அதுக்குத்தான் இந்த டப்பாவ எல்லாம் வரவெச்சா."

அவர் சொல்லச் சொல்ல, நீ குழாயடியில் வைத்து எனக்குச் சொன்னது ஞாபகம் வந்தது. "டிரம்மு பெரிசும்மா, ஆனா குழா சின்னது. அவசரத்துக்குக் கவுக்க முடியாது. குடம் சின்னது, ஆனா ஒரே கவுப்பு. பேட்டரி டிரம்மு, கெப்பாசிட்டர் குடம். மேட்டுல நிக்கிற வண்டியக் கெளப்ப ஒரே கவுப்பு வேணும், அது குடத்தோட வேலை. கெளம்புனப்பறம் இழுக்கறது டிரம்மு, டீசல் ரெண்டும். எறக்கத்துல பிரேக் புடிச்சா மோட்டார் கரண்டத் திருப்பிக் குடுக்கும். அது ஆலங்கட்டி மழை மாதிரி சடசடன்னு வரும். டிரம்மால குடிக்க முடியாது, குடம் வாயத் தெறந்து புடிச்சுக்கும்." அன்றைக்கு நான், சரி சரி, குடத்தை எடு, வரிசை நகருது என்றேன்.

தீபாவளி வரைக்கும்தான் மொதலாளி தவணை கொடுத்திருக்கிறாராம். அதற்குள் முழு லோடோடு மேடு ஏற வேண்டும். இல்லையென்றால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பழைய டீசல் வண்டியாகவே திருப்பித் தர வேண்டும்.

"பிரிச்சா மறுபடி சேக்க முடியாதாண்ணே?"

"பிரிச்சா பிரிச்சதுதான். டப்பா ஒரு பக்கம், மோட்டார் ஒரு பக்கம்னு போயிரும். அவ இல்லாம முதல்ல இருந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இல்ல தங்கச்சி."

செப்டம்பர் 21

கேரியரை மறந்து வந்துவிட்டேன். நாளைக்குப் போய் எடுக்க வேண்டும்.

செப்டம்பர் 26

கேரியர் இன்னும் அங்கேதான் இருக்கிறது. சாயங்கால பஸ் பட்டறை வாசலில் நிற்கிறது, அதனால் இறங்கிவிடுகிறேன். சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? பித்தளைப் பட்டையைத் தேய்த்துக் கொடுக்கிறேன், ஒயருக்கு உறை போடுகிறேன். டப்பா தலையில் நட்டு முடுக்க ஒரு ஸ்பேனர் வைத்திருக்கிறார். அளவுக்கு வந்ததும் 'டக்' என்கிறது. அதற்கு மேல் முறுக்கினால் கெட்டுவிடுமாம். முதல் நாள் நான் ரெண்டு தரம் 'டக்' வரவைத்தேன்.

"தங்கச்சி, அது ஸ்பேனர். எலை மூட்டையில்ல" என்றார்.

அக்டோபர் 3

நேற்று லீவு. காலையிலேயே பட்டறைக்குப் போய்விட்டேன். செவனம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"அடியே தவமணி, இன்சினியரம்மா! எங்க வீட்டு மிக்ஸி கர்ருங்குது, வந்து பாக்கறியா?"

"உன் வாய நிறுத்து, மிக்ஸி தானா நிக்கும்" என்றேன்.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

எல்லா ஒயரும் கொடுத்தாகிவிட்டது. நேற்றே பட்டறையைக் கழுவிவிட்டேன். டேனியல் அண்ணன் வேதக்காரர். ஆனாலும் வருசா வருசம் வேலையாட்களுக்காகப் பொரி கடலை வாங்கிவிடுவார். "நான் ஓரமா நின்னு ஜெபம் பண்ணிக்கறேன், நீ உன் சாமிக்குச் செய்" என்றார்.

சந்தனம் நானே அரைத்தேன். ஸ்பேனர், வெல்டிங் மிஷின், வண்டி முகம், ஸ்டியரிங் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். அவர் வாழைக்கன்று கட்ட வெளியே போனபோது தகரப் பெட்டியைத் திறந்து பதினெட்டு டப்பாவுக்கும் வைத்தேன். டப்பா தலையில் ரெண்டு முனை இருக்கிறது. ரெண்டுக்கும் நடுவில் நெற்றி போல ஓர் இடம். சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம். நல்ல பிள்ளைகள், ஒன்றுகூட அசையவில்லை. நீயாக இருந்தால் தலையைத் தலையை ஆட்டுவாய்.

மூடியைப் போட்டு முடுக்கிவிட்டேன். எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஓரடி நகர்த்தினார். சத்தமே இல்லை.

அக்டோபர் 16

மழை. பனி வேறு. தீப்பெட்டிகூட நமுத்துவிட்டது.

அக்டோபர் 21, திங்கள்

நின்றுவிட்டது.

முழு லோடோடு முதல் ஓட்டம். நடு செட்டு வரைக்கும் நன்றாகத்தான் போனது. நிறுத்தினோம். எடுக்கும்போது ஒரு உறுமல், அவ்வளவுதான். ஸ்கிரீனில் சிவப்பு எழுத்து. டப்பாக்களைக் கண்ட்ரோல் பெட்டி துண்டித்துவிட்டது என்றார் டேனியல் அண்ணன். வண்டி பின்னால் வழுக்கப் பார்த்தது. செட்டுக்காரர் ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார். இலையை எல்லாம் இறக்கி மறுபடி ஜீப்பில் ஏற்றினோம். கடைசி மூட்டைகளில் கை வைத்தால் சூடு. இலை சிவந்துவிட்டது. ஒரு தோட்டக்காரர் ஒரு பிடி அள்ளி முகர்ந்துவிட்டுக் கீழே போட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அக்டோபர் 23

டேனியல் அண்ணன் கண்ட்ரோல் பெட்டியை மாற்றிப் பார்த்தார். ஒயரை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். மறுபடியும் அதே சிவப்பு எழுத்து. நான் டீ போட்டு வைத்தேன், ஆறிவிட்டது.

வண்டியைப் பிரித்துத் திங்கட்கிழமை கொண்டுவந்து விடச் சொல்லி மொதலாளி ஆள் அனுப்பியிருக்கிறார்.

அக்டோபர் 24

மொதலாளியைப் பார்க்கப் போனேன். இலை வாட்டுகிற மாடியில் நின்றிருந்தார். இதுவரைக்கும் நானாகப் போய் அவர் எதிரில் நின்றதில்லை. செவனம்மா படிக்கட்டு வரைக்கும் கூட வந்து, "கால் நடுங்குனா கைப்பிடியப் புடிச்சுக்க" என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டாள்.

"ஐயா, இன்னொரு தடவ ஓட்டிப் பாக்கணும்."

"தவமணி, உன் மக கேட்டதும் வண்டியக் கொடுத்தவன் நான். அதுக்கு இன்னிக்கும் நான் வருத்தப்படல. ஆனா இலை யாருக்காகவும் காத்திருக்காது. மூட்டைக்குள்ள செவந்துருச்சுன்னா சின்னத் தோட்டக்காரனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"தீபாவளி வரைக்கும்னு சொன்னீங்கய்யா. தீபாவளி இன்னும் வரலையே."

"மகதான் வாயாடின்னு நெனச்சேன். செவ்வாக்கெழமை. முழு லோடு. நடு செட்டுல நிறுத்தி எடுக்கணும். நான் ஜீப்புல பின்னாலயே வருவேன். நின்னுச்சுன்னா அங்கயே முடிஞ்சுது. அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

சரி என்று சொல்லிவிட்டு இறங்கினேன். என்ன கோளாறு என்று இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. சரி என்று எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

அக்டோபர் 26, சனி

பட்டறைக்குள் நுழையும்போதே டேனியல் அண்ணன் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். தாடி எல்லாம் கண்ணீர். மனுசனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டேன். தகரப் பெட்டி திறந்து கிடந்தது.

"தங்கச்சி, இங்க வா. இந்த அலங்காரம் யாரு பண்ணுனது?"

"நான்தாண்ணே. ஆயுத பூஜைக்கு."

"ஐயோ சாமி! ரெண்டு முனைக்கும் நடுவுல பாலம் கட்டி வெச்சிருக்கியே! இந்தக் குளிர்ல சந்தனம் காயவே இல்ல பாரு, அது வழியாக் கரண்டு கசிஞ்சிட்டே இருந்திருக்கு. ஒரு டப்பா கொறையுது, ஒரு டப்பா கூடுது. எல்லாம் ஒரே மட்டமா இருந்தாத்தான் கண்ட்ரோல் பெட்டி விடும். மட்டம் தப்புனா துண்டிச்சிரும். நாலு நாளா நான் ஒயரப் போட்டுப் பிச்சிட்டு இருக்கேன். மூடியத் தெறக்கணும்னு தோணுச்சா எனக்கு?"

நானே அந்த வண்டியை நிறுத்தியிருக்கிறேன். என் கையால்.

"ஏன் அழற? பொட்டு வெச்சது தப்பில்ல. எடம்தான் தப்பு. மேல மூடியில எவ்வளவு வேணா வை. தொடச்சிட்டா சரியாப் போயிரும்."

பழைய ஹெட்லைட் பல்பை மாட்டி டப்பாக்களில் இருந்த சார்ஜை எல்லாம் இறக்கினார். பல்பு பளிச்சென்று எரிந்து, மஞ்சளாகி, மெல்ல மெல்ல அணைந்தது. ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்து அவரே துடைக்கக் குனிந்தார். நான் வாங்கிக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

பதினெட்டையும் நானே துடைத்தேன். குங்குமம் சீக்கிரம் போகாது, உனக்குத் தெரியும். கொஞ்சம் அழுத்த வேண்டும்.

அக்டோபர் 27

உன் படத்தை மாட்டினேன். சுவர் கொஞ்சம் உதிர்ந்தது. கூட்டிவிட்டேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

எங்கே ஆரம்பிக்க, சுண்டெலி!

காலையில் மேட்டடி செட்டுக்குப் போனால் லோடு இல்லை. தீபாவளித் துணி எடுக்கப் பாதிப் பேர் மேட்டுப்பாளையம் போய்விட்டார்கள். இலை பறிக்க ஆள் வரவில்லை. வழக்கமாக ஒரு டன் ஏறும். இன்றைக்கு முக்கால் டன்கூட இல்லை. மொதலாளி ஜீப்பில் சாய்ந்து நின்றபடி, "பாதி லோடோட ஏறுனா அது கணக்குல வராது டேனியல்" என்றார்.

செவனம்மா சேலையை இழுத்துச் செருகினாள். "எலைதான் லோடா? நாங்க லோடு இல்லையா? ஏறுங்கடி!"

"நீ ஒருத்தி ஏறுனா போதும், கால் டன் வந்துரும்" என்றாள் எங்களோடு மூட்டை தூக்கும் மேரி.

"ஆமாடி, நீ காத்துல பறந்து வந்தவ. அந்த மூட்டைய நகத்து, உன் இடுப்பு அதுக்கு மேல இருக்கு."

இலை நிறுக்கிற தராசிலேயே ஒவ்வொருத்தியாக ஏறி நின்றார்கள். மொதலாளியே எடையைக் குறித்தார். செவனம்மா மட்டும், "ஐயா, மெதுவாச் சொல்லுங்க, டிரைவர் காதுல விழுந்துரும்" என்றாள். செட்டே சிரித்தது. ஒரு டன் வந்ததும் பின்கதவைச் சாத்தினோம். நான் டேனியல் அண்ணன் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்தேன். ஸ்கிரீனில் ரெண்டு கோடு. அதற்குக் கீழே நீ பேனாவால் எழுதி ஒட்டினது: டிரம்மு, குடம்.

முக்கல் மேடு மழையில் நனைந்து மினுங்கியது. நடு செட்டில் நிறுத்தினார். நான் இறங்கி ரெண்டு மூட்டை ஏற்றினேன். செட்டுக்காரர் பழக்கத்தில் கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"கல்லு வேண்டாம்" என்றேன். எந்த வாயில் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

டேனியல் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் குடத்தைப் பார்த்தேன். அவர் காலை அழுத்தினார்.

குடம் மளமளவென்று இறங்கியது. வண்டி எழுந்தது. ஆமாம், போனது என்று சொல்ல மாட்டேன், உட்கார்ந்திருந்த யானை எழுந்திரிக்கிற மாதிரி எழுந்தது. உறுமல் இல்லை, குலுக்கல் இல்லை. பின்னால் பேசிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் டீசலும் சேர்ந்துகொண்டது. டிரம்மு நிதானமாகக் கொடுத்துக்கொண்டே வந்தது. ஒரு வளைவு, ரெண்டாவது வளைவு. யாரோ ஒருத்தி குலவை போட்டாள், உடனே எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். மலை எதிரொலித்தது.

திரும்பிப் பார்த்தேன். மொதலாளி ஜீப் நடு செட்டிலேயே முக்கிக்கொண்டு நின்றது. கல் வைத்திருந்த செட்டுக்காரர் அதை வீணாக்கவில்லை.

மேலே போய்ச் சேர்ந்தபோது குடம் அடிமட்டத்தில் இருந்தது. "ஐயோ, காலியாப் போச்சேண்ணே" என்றேன்.

"காலியாத்தான் இருக்கணும். இனிமே எறக்கம். வர்றதப் புடிக்க எடம் வேணுமில்ல? உன் மக போட்ட கணக்கு அது. உச்சிக்கு வரும்போது குடம் காலியா இருக்கற மாதிரி வெச்சிருக்கா."

அந்தப் பக்கம் இறங்கும்போது பிரேக்கில் கால் வைத்தார். குடம் நிரம்ப ஆரம்பித்தது. நாம் இறங்க இறங்க அது ஏறுகிறது. நான் வாய் விட்டுச் சிரித்துவிட்டேன். இந்தத் தடவை, சிரித்துவிட்டோமே என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

பாக்டரி வாசலில் மொதலாளி கடைசியாகத்தான் வந்து சேர்ந்தார். நேராக வந்து பேட்டரிப் பெட்டி மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்தபடியே நின்றார். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

"சூடே இல்லையேப்பா" என்றார். அப்புறம் டேனியல் அண்ணனிடம், "பாக்டரியோட மத்த ரெண்டு எலை வண்டியும் தீபாவளி கழிச்சு எடுத்துக்கோ" என்றார். என் பக்கம் திரும்பி, "உன் மக..." என்று ஆரம்பித்தவர், "எலைய எறக்குங்க, செவந்துரப் போகுது" என்று போய்விட்டார்.

இறக்கினோம். செவனம்மா என் கையைப் பிடித்த பிடி விடவில்லை. ஒரு கையால் எப்படி மூட்டை இறக்கினாளோ.

அக்டோபர் 31, தீபாவளி

டேனியல் அண்ணன் வீட்டிலிருந்து கேக் வந்தது. நம் லைன் வீட்டு வரிசைப் பிள்ளைகள் எல்லாம் 'குடம் வண்டி'யைப் பார்க்க வேண்டுமாம். யார் அந்தப் பெயரைப் பரப்பினார்கள் என்று தெரியவில்லை. செவனம்மாவாகத்தான் இருக்கும்.

நவம்பர் 4

மூட்டை தூக்குகிற வேலைக்கு இனி வேறு ஆள். மொதலாளியிடம் சொல்லிவிட்டேன். நான் பட்டறைக்கு. டேனியல் அண்ணன், "சம்பளம் பெருசா எதிர்பாக்காத, சந்தனம் உள்ள கொண்டு வராத, ரெண்டே கண்டிசன்தான்" என்றார்.

நவம்பர் 9, சனி

ரெண்டாவது வண்டிக்கு டப்பா எல்லாம் நானே முடுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு 'டக்'. திங்கட்கிழமை ஓட்டம். இலை இப்போது குவிகிறது, ஊரே காத்திருக்கிறது. வேறு பாக்டரிக்காரர்கூட ஒருவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒன்றில்தான் எனக்கும் டேனியல் அண்ணனுக்கும் காலையிலிருந்து சண்டை. இந்த வண்டிக்கு ரூட்டு வேறு. பாக்டரியை விட்டால் ஆறு வரைக்கும் ஒரே இறக்கம், அதற்கப்புறம்தான் ஏற்றம். உன் கணக்கை அப்படியே போட முடியாது. பாக்டரி கேட்டில் ஒரு சின்ன மேடு இருக்கிறது, காலைக் குளிரில் டீசல் இழுக்காது, அதனால் குடத்தை நிறைத்துத்தான் கிளப்ப வேண்டும் என்கிறார் அவர். நிறைத்துவிட்டால் இறக்கத்தில் வருவதை எதில் பிடிப்பது, காலியாக அனுப்புங்கள் என்கிறேன் நான்.

"நீ சொல்றதும் சரிதான். நான் சொல்றதும் சரிதான். இரு, அவளையே கேட்டுர..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கும் அதுதான் தோன்றியது.

நீ சொல். திங்கட்கிழமை காலையில் குடத்தை நிறைத்து அனுப்பட்டுமா, காலியாக அனுப்பட்டுமா?